நான்கு நிமிடம் பிந்திய மணி

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாலை நேரத்தில் பாங்குப் பரீட்சைக்குப் பெண்களைத் தயார் செய்கிறார்களாம். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே பத்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை போட்டிருப்பார்களாம். சரியானதற்குக் குறி போட வேண்டும். பிள்ளைகளுக்கு விஷயம் புரிகிறது, நேரம்தான் போதவில்லை என்றார்கள். "பத்திக்கு எத்தன நிமிஷம் ஒதுக்கச் சொல்லலாம் டீச்சர்? நீங்க யுத்த காலத்துலயே கடியாரம் வச்சுச் சொல்லிக் குடுத்தீங்களாமே?" என்று ஒருத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. காபி எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன்: கேள்விகளைப் படிக்க இரண்டு நிமிடம், பத்தியைப் படிக்க ஆறு, எழுதப் பன்னிரண்டு, ஆக மொத்தம் இருபது. அவர்கள் போன பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தேன். போகும்போது, பள்ளி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தார். பூசையில் பிரசங்கம் நீண்டால் நான் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். கடிதம் வந்தால் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தெரிந்த பிறகுதான் 'நலம், நலமறிய ஆவல்' எல்லாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஆத்தா திட்டாத நாள் கிடையாது. திருச்சியில் இரண்டு வருஷம் ஆசிரியைப் பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வயதில் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அப்போது யுத்தம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காகிதத்துக்குப் பஞ்சம், பஸ் எல்லாம் கரியில் ஓடின. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததிலிருந்து, பழைய மணி, புது மணி என்று ஊரில் இரண்டு மணி நடமாடியது. எனக்கானால் அதிலும் ஒரு சந்தோஷம். எல்லாம் ஒரு மணி நேரம் சீக்கிரம் வருகிறதே!

எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் பேசுவார். குடையை மடித்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டுவிட்டால் தொலைந்தோம். ஒவ்வொரு மடிப்பாக நீவி, நாடாவைச் சுற்றி, பித்தானைப் போட்டு, குடையை மூலையில் சாத்திய பிறகுதான் பதில் வரும். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். குரல் உயராது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பள்ளியில் மத்தியானம் ஒரு தனி வகுப்பு நடந்தது. படிப்பைப் பாதியில் விட்ட பெரிய பெண்களை எட்டாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்குத் தயார் செய்யும் வகுப்பு. பதினொரு பேர். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். தமிழ்த் தாளில் கடைசிக் கேள்வி, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் படித்து விடை எழுதுவது. மற்றதை எல்லாம் நெட்டுருப் போட்டு எழுதிவிடுவார்கள். இங்கே வந்துதான் நேரத்தைத் தொலைப்பார்கள். அதை நான் என் தலையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளி டைம்பீஸை மேசைமேல் வைப்பேன். காகிதம் இல்லாததால் பத்தியைக் கரும்பலகையில் எழுதி, துணியால் மூடி வைத்திருப்பேன். துணியை எடுத்ததும் நேரம் ஆரம்பம். நிமிடம் ஒன்றுக்குப் பலகையின் ஓரத்தில் ஒரு கோடு. முதலில் கேள்விகள், பிறகுதான் பத்தி. படித்து முடித்தவர் கையைத் தூக்க வேண்டும். உடனே அவர் பெயருக்கு நேரே நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன். விடை தெரியாத கேள்வியில் நிற்காதே, தாண்டிப் போ. தலைப்புக் கொடு என்று கடைசியில் ஒரு கேள்வி வரும், அதற்கு ஒரே மார்க்கு, அதைக் கடைசியில் எழுது. இதையெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பேன். "நீங்க நடக்குறதுதான் டீச்சர் எங்களுக்குப் பதட்டமா இருக்கு" என்று ஒருத்தர் சொல்லியே விட்டார்.

இரண்டு மாதத்தில் பத்துப் பேர் ஆறு நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். தெய்வானை ஒருத்தர்தான் என் கணக்குக்குள் வரவில்லை. அவருக்கு இருபத்தாறு வயது. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் இறந்து மூன்று வருஷம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, பள்ளி விடுதிக்கு வந்திருந்தார். பதினொரு பேரிலும் நன்றாகப் படிக்கிறவர் அவர்தான். ஒரு நாள் ஐந்தே நிமிடத்தில் கையைத் தூக்குவார். மறுநாள் பதினைந்து நிமிடம் ஆகும். அதே நீளப் பத்திதான். மாதிரிப் பரீட்சையில் இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. நான் கத்தினேன். தூங்கிவிட்டீர்களா என்றுகூடக் கேட்டேன். அவர் சிலேட்டைத் துடைத்தார்.

அந்த வாரம் அவருடைய அண்ணன் கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். இந்த ஒரு தடவைதான் அனுப்ப முடியும் என்று சொல்லிவிட்டார். தேறிவிட்டால் ஆசிரியைப் பயிற்சியில் இடம் உண்டு, உபகாரச் சம்பளமும் உண்டு. தவறினால் அவர் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். மனைவிக்கு மூன்றாவது பிரசவம், அடுப்படிக்கு ஆள் வேண்டும். அவர் போன பிறகு தெய்வானை என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை. "அங்கிட்டுத் திரும்பிப் போனா, அப்புறம் நான் வெளிய வர மாட்டேன் டீச்சர்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிமிடம் குறித்த நோட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய டீச்சரிடம் போனேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மூன்று பென்சிலையும் சீவி முடித்து, தூளை ஒதுக்கிவிட்டு, நோட்டைப் பார்த்தார். "நிமிஷத்த எழுதியிருக்க. என்ன பத்தின்னு எழுதலையே" என்றார். அவ்வளவுதான். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எரிச்சலோடு போய், ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்தியை எழுதினேன். நெற்பயிரில் பூச்சி, ஐந்து நிமிடம். ரயில் பிரயாணம், ஐந்து. கப்பல் மூழ்கியது, பதினைந்து. கிணறு வெட்டியது, ஆறு. உழவன் வளர்த்த காளை செத்தது, பதினேழு. முட்டாளுக்கும் விளங்கும். கெட்டதாக முடிகிற பத்தி எல்லாம் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் தெய்வானையிடமே கேட்டேன். "பாராயணம் பண்றப்ப கெட்ட எடத்துல புத்தகத்த மூடக் கூடாதுங்க டீச்சர். சாவோ பிரிவோ வந்துச்சுன்னா, அதத் தாண்டி நல்ல எடம் வர்ற வரைக்கும் படிச்சு அங்கதான் நிறுத்தணும். இதுல தாண்டிப் போக எடம் இல்லையே. அதான் திரும்ப மேல போயி, நல்லா இருக்குற எடத்துல நிறுத்திட்டு வாரேன்" என்றார். கையைத் தூக்குவதற்கு முன் விடையைத் தேடிக் கடைசி வரியை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மறுபடி மேலே போக வேண்டும். பதினேழு நிமிடம் ஆகாமல் என்ன செய்யும்?

இது என்ன புராணமா, பரீட்சைக்காக யாரோ உட்கார்ந்து எழுதிய பத்தி என்று சீறினேன். கப்பலும் இல்லை, காளையும் இல்லை என்றேன். அப்போதுதான் அவர் மற்றதைச் சொன்னார். கணவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மத்தியான வேளைகளில் பக்கத்தில் உட்கார்ந்து புராணம் படித்துக் காட்டுவாராம். ஒரு நாள் கதையில் அழுகிற இடம் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டது என்று மாமியார் கூப்பிட, புத்தகத்தை மூடிவிட்டு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து மறுபடி திறக்கவில்லை. அன்று விளக்கு வைப்பதற்குள் கணவர் போய்விட்டார்.

"புத்தகத்த மூடுனதாலயா போனாரு? இல்லைங்க டீச்சர், காய்ச்சல்லதான் போனாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் மனசு கேக்க மாட்டேங்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. தூங்கிவிட்டீர்களா என்று கேட்ட வாயை என்ன செய்வது? ஆனால் என் புத்தியைப் பாருங்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பரீட்சைக்கு ஐந்து வாரம்தானே இருக்கிறது என்று உள்ளே கணக்கு ஓடியது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசி வரியை மட்டும் துணியால் மறைத்தேன். அந்த வரியைப் பற்றிய கேள்விக்கு விடை எழுத முடியவில்லை. கெட்ட முடிவுள்ள பத்திகளாகவே பத்து நாள் கொடுத்துப் பார்த்தேன். பழகிவிடும் என்று நினைத்தேன், அவருக்குத் தலைவலிதான் வந்தது. ஒரு நாள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. தலைப்பு! அது நாம் வைப்பதுதானே? ஓடிப் போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். "படிச்சு முடிச்சதும் மொத வேலையா தலைப்ப எழுதுங்க. நல்ல வார்த்தையா எழுதுங்க. அதோட புத்தகத்த மூடியாச்சுன்னு வச்சுக்கங்க."

அன்றைய பத்தியில் ஒரு ஆலமரம் புயலில் சாய்ந்தது. தெய்வானை 'நூறு வருட நிழல்' என்று தலைப்பு எழுதினார். எட்டு நிமிடம். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் ஆறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டீச்சரிடம் ஓடினேன். அவர் வழக்கம்போல் குடையை மடித்துக்கொண்டிருந்தார். பித்தானைப் போட்டு, மூலையில் சாத்திவிட்டுக் கேட்டார்: "தலைப்பு வேணும்னு கேக்கலைன்னா?"

தலைப்புக் கேட்காத தாள் எங்காவது உண்டா என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை எங்கள் பள்ளியிலேயே நடந்தது. பெரிய டீச்சர்தான் மேற்பார்வை. சொந்த வகுப்புப் பெண்கள் எழுதுவதால் கூடத்துக்குள் எனக்கு வேலை இல்லை. வழக்கமாக மணி அடிக்கிற பியூன் அன்று அம்மை கண்டு படுத்துவிட்டார். "நீ எப்படியும் ஒரு எடத்துல ஒக்கார மாட்ட. தண்ணியப் பாத்துக்க, மணியையும் பாத்துக்க" என்று டைம்பீஸை என் கையில் கொடுத்தார் பெரிய டீச்சர். அரை மணிக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனதும் நீளமாக அடிக்க வேண்டும். மணி தாழ்வாரத்தின் கோடியில், திருப்பத்துக்கு அப்பால் தொங்கியது. கூடத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

ஒரு மணி நேரம் கழிந்து, வராத ஒருத்தியின் கேள்வித்தாள் மேசைமேல் கிடந்ததை வாங்கிப் பார்த்தேன். என் வழக்கப்படி கடைசியிலிருந்துதான் படித்தேன். காகிதத் தட்டுப்பாட்டினால் தாளைச் சுருக்கியிருந்தார்கள். தலைப்புக் கேள்வி இல்லை. பிறகு பத்தியைப் பார்த்தேன். வெள்ளத்தில் நடந்து, ஆற்றைக் கடந்து, காய்ச்சல்காரனைப் பார்க்க ஒரு வைத்தியர் போகிறார். அவர் போய்ச் சேரும்போது அவன் இறந்து கிடக்கிறான். அதோடு பத்தி முடிந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தண்ணீர்ச் செம்போடு தாழ்வாரத்தில் போனேன், வந்தேன். தெய்வானை ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை போகும்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை போகும்போது தாளை முன்பக்கம் திருப்பி வைத்திருந்தார். திரும்ப மேலே போகிறார் என்று நினைத்தேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் பார்த்தேன். பேனா மேசைமேல் கிடந்தது. தலை குனிந்திருந்தது. போச்சு என்று நினைத்தேன். அண்ணன் வீட்டு அடுப்படி என் கண்முன்னே வந்தது.

மணி அடிக்க வேண்டிய நேரம் வந்தது. கையில் கட்டையோடு மணியடியில் நின்றேன். அடிக்கவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. திருப்பம் வரை வந்து எட்டிப் பார்த்தேன். அவர் உதடுகள் அசைந்தன. இன்னும் படிக்கிறார்! இன்னும் ஒரு நிமிடம், இன்னொன்று. மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாலாவது நிமிடத்தில் பெரிய டீச்சர் கூடத்து வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் ஓடிப் போய் அடித்தேன்.

விடைத்தாள்களைக் கட்டும்போது கூடவே நின்றேன். எண் வரிசைப்படி அடுக்கினார். இரண்டு தடவை எண்ணினார். துணியில் சுற்றி, நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, முடிச்சுக்கு ஒன்றாக நாலு முத்திரை வைத்தார். ஒவ்வொரு முத்திரையும் காயக் காத்திருந்தார். நாலாவதும் காய்ந்த பிறகு, "நாலு நிமிஷம்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பரீட்சைக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இறுதி மணி நான்கு நிமிடம் தாமதம். காரணம், மேற்பார்வையாளரின் கவனக்குறைவு.' கீழே தன் கையெழுத்தைப் போட்டார். மேற்பார்வையாளர் அவர்தான். நான் பதறி, என் பெயரை எழுதுங்கள் என்றேன். மை உறிஞ்சும் காகிதத்தை வைத்து ஒற்றி, குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "மணிய ஒன் கையில குடுத்தது நான்தானே. இனிமே குடுக்க மாட்டேன்."

மேலிடத்திலிருந்து அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதை மைக்கூட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து அவர் ஓய்வு பெறும் வரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மணியையும் என்னிடம் கொடுத்ததில்லை.

தெய்வானை தேறிவிட்டார். பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், வாழைப்பழமும் கல்கண்டும் வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பத்தியில் தலைப்புக் கேள்வியே இல்லையே, என்ன செய்தீர்கள் என்றேன்.

"கேக்காட்டி என்னங்க டீச்சர்? வெடைக்கு மேலயே எழுதிட்டேன். மார்க்கு வேணாமே. 'வைத்தியர் வந்துவிட்டார்'னு எழுதுனேன்" என்றார். பிறகு சிரித்தார். "கா மணி நேரம் முன்னாடியே முடிச்சு, முன்பக்கத்தக்கூட ஒருக்காத் திருப்பிப் பாத்துட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்குக் கடைசி மணி பிந்திருச்சுல்ல டீச்சர்?" என்று அவரே தொடர்ந்தார். "நேரம் ஆயிப் போச்சு, மணி அடிக்கல. யாரோ ஒருத்திக்கு இன்னும் முடியல போல, தவிக்கிறா போலன்னு தோணுச்சு. பாவம், அவளுக்கு நல்லபடியா முடியணும்னு எங்க ஊருச் சாமிய வேண்டிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். அவளுக்கு முடிஞ்சிச்சான்னு தெரியல."

நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அன்று மணியடியில் நின்றது யாரென்று அவருக்குத் தெரியாது. பியூன் என்றே நினைத்திருந்தார். அவர் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து, இப்போது ஓய்வு பெற்று ஆலங்குடியில் இருக்கிறார். இந்த மலர் ஆலங்குடிக்கும் போகும்.

தெய்வானை, அந்த ஒருத்தி நான்தான். இப்போதுதான் முடித்தேன்.